சமாதானத்தின் செலவு யாருடையது?

மஃரிபுத் தொழுகை முடிந்து இஷாவுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பள்ளிவாசல் திண்ணையில் பேசப்படாத விஷயம் ஏதுமில்லை. சென்ற மாதம் ஒரு நாள், நம்மைவிட வயதில் இளையவரான நண்பர் ஒருவர் சற்றுச் சூடாகவே பேச்சைத் தொடங்கினார். அவருடைய மகன் அமெரிக்காவில், சிகாகோ நகருக்கு அருகே வேலை பார்க்கிறார்.

"கேட்டீர்களா காக்கா! அந்த நாட்டிலே துப்பாக்கி தூக்கிச் சிறைக்குப் போய் வந்தவனைத் தேடிப் பிடித்துச் சம்பளம் கொடுக்கிறார்களாம். வேலை என்ன தெரியுமா? இன்னொருத்தன் சுடாமல் பார்த்துக்கொள்வது! வேறோர் ஊரிலே, சுடக்கூடியவன் என்று பெயரெடுத்த பையனுக்கே மாதம் ஆயிரம் டாலர் வரை கையில் கொடுத்தார்களாம். என் மகன் ஒழுங்காக வரி கட்டுகிறான். அவன் பணம் இதற்கா போக வேண்டும்? பாவத்துக்குப் பரிசா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி நியாயமான கேள்வி. பொதுப் பணம் அமானிதம். அது எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை வரி கட்டியவனுக்கு உண்டு, ஜகாத் கொடுத்தவனுக்கும் உண்டு. ஆனால் நண்பரின் ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருந்தன. சண்டையை விலக்கி வைப்பது நன்மையான காரியம். நன்மைக்குக் கூலி கொடுக்கலாமா என்பது ஒன்று. தவறு செய்தவன் கையில் பொதுப் பணத்தைக் கொடுப்பது நீதியா என்பது மற்றொன்று. அன்று நாம், "பார்த்துச் சொல்கிறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோம். பார்த்ததை இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்த நாட்டின் நிலைமை. 2018-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி அமெரிக்கப் பொதுமக்களின் கையில் இருந்த துப்பாக்கிகள் 39 கோடிக்கும் மேல். மக்கள்தொகையைவிட அதிகம்! 2021-ஆம் ஆண்டில் மட்டும் துப்பாக்கியால் மாண்டவர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தற்கொலை செய்துகொண்டவர்கள் என்பது பலருக்குத் தெரியாது. பிறரால் கொல்லப்பட்டவர்கள் 20,958 பேர். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் எண்ணிக்கை இறங்கியிருக்கிறது என்றாலும், ஒரு நாடு பழகிப்போய்விடக் கூடிய எண்ணிக்கையன்று இது.

இந்தக் கொலைகள் நாடெங்கும் சமமாகப் பரவிக் கிடப்பவையும் அல்ல. ஒரு நகரத்தில் சில பேட்டைகள், அவற்றில் சில தெருக்கள், அத்தெருக்களில் சில நூறு வாலிபர்கள். கறுப்பின மக்களை ஓரிடத்தில் ஒதுக்கி வைத்து, வீட்டுக்கடன் மறுத்து, பின்னர் அங்கிருந்த தொழிற்சாலைகளும் மூடப்பட்டுப் போன பேட்டைகளே பெரும்பாலும் இவை. சண்டைக்குக் காரணம் கேட்டால் வெட்கமாக இருக்கும். கொடுக்கல் வாங்கலில் ஒரு சிறு தொகை, ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சு, பலர் முன் சொன்ன ஓர் ஏளன வார்த்தை. ஒருவன் சுடப்பட்டதும் அவன் தம்பி துப்பாக்கியைத் தேடுகிறான். அவன் சுட்டதும் மறுபக்கத்துத் தம்பி தேடுகிறான். இப்படியே ஒரு தெருவில் நான்கு ஜனாஸாக்கள் விழுந்த பிறகு, முதல் சண்டை எதற்கு என்பதே மறந்து போகிறது.

ஜாஹிலிய்யாக் காலத்து அரபிகளின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. தாஹிஸ், கப்ரா என்ற இரண்டு குதிரைகளின் பந்தயத்தில் பிறந்த சண்டையில் அப்ஸ், துப்யான் என்ற இரண்டு கூட்டத்தார் ஆண்டுக்கணக்கில் வெட்டிக்கொண்டு மாண்டார்கள். அதைப் பற்றிப் பின்னால் வருவோம்.

சிகாகோவில் கேரி ஸ்லட்கின் என்று ஒரு மருத்துவர். காசநோய், காலரா, எய்ட்ஸ் ஆகிய தொற்றுநோய்களைத் தடுப்பதில் பல்லாண்டுகள் ஆப்பிரிக்காவில் உழைத்தவர். தொண்ணூறுகளின் நடுவில் ஊர் திரும்பியவர், தம் நகரத்தில் சுடுதல் நடந்த இடங்களைப் படத்தில் குறித்துப் பார்த்தபோது, காலரா பரவிய ஊர்களின் படம் போலவே அது இருப்பதைக் கண்டார். நோய் பரவுவதைத் தடுக்க என்ன செய்கிறோம்? நோய் கண்டவனை முதலில் கண்டுபிடிக்கிறோம். அவனிடமிருந்து அடுத்தவனுக்குத் தொற்றாமல் குறுக்கே நிற்கிறோம். அவனிடம் பேசுவதற்கு அவன் நம்புகிற ஆளையே அனுப்புகிறோம். இதையே ஏன் இங்கும் செய்யக் கூடாது என்று அவர் கேட்டார். 1995-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். 2000-இல் நகரின் மிக மோசமான பேட்டைகளில் ஒன்றான மேற்கு கார்ஃபீல்ட் பார்க்கில் 'சீஸ்ஃபயர்' என்ற பெயரில் வேலை ஆரம்பமாயிற்று. 2004 முதல், சண்டைக்குக் குறுக்கே நிற்பதற்கென்றே தனி ஆட்கள் நியமிக்கப்பட்டார்கள்.

இவர்கள் யார் என்பதில்தான் நம் நண்பரின் கோபமே இருக்கிறது. பெரும்பாலோர் ஒரு காலத்தில் அதே தெருக்களில், அதே கூட்டங்களில் திரிந்தவர்கள், சிறை சென்றவர்கள், திருந்தியவர்கள். ஒரு பேராசிரியரையோ, பாதிரியாரையோ, ஆலிமையோ அனுப்பினால் அந்தப் பையன் கதவைத் திறக்க மாட்டான். தன்னைப் போல் வாழ்ந்து, பத்தாண்டு சிறையில் கழித்து, தாயின் ஜனாஸாவுக்குக் கூடப் போக முடியாமல் அழுதவன் வந்து நின்றால் திறக்கிறான்.

வேலை நடக்கும் விதமும் தெரிந்துகொள்ள வேண்டியதே. ஒருவன் சுடப்பட்டு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறான். வெளியே அவனுடைய அண்ணன் தம்பிகளும் சகாக்களும் கூடி நிற்கிறார்கள். அந்த ஓரிரு மணி நேரத்தில்தான் அடுத்த கொலை முடிவாகிறது. அப்போது இந்த ஆள் அங்கே போய் அவர்களோடு நிற்கிறார். போதனை செய்வதில்லை. "இன்றிரவு மட்டும் வேண்டாம், நாளைக்குப் பேசுவோம்" என்கிறார். நாளைக்கு மறுபடியும் வருகிறார். ஜனாஸா வீட்டுக்குப் போகிறார். கோபம் தணியும் வரை சில நாட்களுக்கு அந்தப் பையனை வேறு ஊரில் கொண்டு போய் வைப்பதும் உண்டு. பிறகு அவனுக்கு வேலை தேடுகிறார், படிப்பைத் தொடரச் செய்கிறார். இதெல்லாம் வெள்ளிக்கிழமை மட்டும் செய்கிற காரியமல்ல. நடுநிசியில் அழைப்பு வந்தாலும் எழுந்து போக வேண்டும். உயிருக்கும் உத்தரவாதமில்லை. பால்டிமோர் நகரில் 2007 முதல் இதே முறையில் ஒரு திட்டம் நடக்கிறது. 2021 ஜனவரிக்கும் 2022 ஜனவரிக்கும் இடைப்பட்ட ஓராண்டில் மட்டும் அதன் பணியாளர்கள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இந்த வேலையைச் செய்பவருக்கும் பெண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டு வாடகை இருக்கிறது. 'நன்மைக்காகச் செய்கிறார், கூலி எதற்கு' என்று சொல்வது, அதைச் சொல்பவருக்கு எளிது.

இனி நம் கிதாபுகளுக்கு வருவோம். சமாதானம் செய்து வைப்பதன் சிறப்பைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். அதன் செலவைப் பற்றி நம் மார்க்கம் என்ன சொல்லியிருக்கிறது என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. மேலே சொன்ன குதிரைப் பந்தயச் சண்டை எப்படி முடிந்தது? ஹரிம் பின் ஸினான், ஹாரிஸ் பின் அவ்ஃப் என்ற இரு தலைவர்கள், இரு தரப்பிலும் மாண்டவர்களுக்கான இரத்த ஈட்டை, அதாவது 'தியத்'தை, தங்கள் தலைமேல் போட்டுக்கொண்டார்கள். மூவாயிரம் ஒட்டகங்கள் என்பார்கள். இப்படி இன்னொருவர் சண்டையை முடிக்கத் தான் கடன் சுமப்பதற்கு அரபியில் 'ஹமாலா' என்று பெயர். இஸ்லாம் வந்தபோது அந்த வழக்கத்தை ஒழிக்கவில்லை. ஆனால் அதில் ஒரு பெரிய மாறுதல் செய்தது. சுமையைத் தனி மனிதரின் கண்ணியத்துக்கு மட்டும் விட்டுவிடாமல், பொது நிதியின் கணக்கில் சேர்த்தது.

கபீஸா பின் முகாரிக் (ரலி) என்ற நபித்தோழரின் சம்பவத்தை முஸ்லிம் கிரந்தத்தில் காண்கிறோம். அவர் இப்படி ஒரு ஹமாலாவை ஏற்றுக்கொண்டு, தம்மால் கட்ட முடியாமல், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். 'எவன் உன்னை ஏற்கச் சொன்னான்' என்று அவரிடம் கேட்கப்படவில்லை. ஸதகாப் பொருள் வரும் வரை தங்கியிரும், அதிலிருந்து உமக்குக் கொடுக்கச் சொல்கிறோம் என்ற கருத்திலேயே பதில் கிடைத்தது. கூடவே, பிறரிடம் கேட்பது மூவருக்கே ஆகும் என்று விளக்கம் தந்தபோது, சமாதானத்துக்காகச் சுமையேற்றவரை அந்த மூவரில் ஒருவராக நாயகம் (ஸல்) அவர்கள் வைத்தார்கள். யாசகத்தை அவ்வளவு வெறுத்த மார்க்கம் இவருக்கு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது!

ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடன்பட்டோர் ஒரு வகை என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இரு கூட்டத்தாரிடையே இரத்தப் பகையைத் தணிக்கக் கடன்பட்டவரும் அதில் அடங்குவார் என்பது ஃபிக்ஹு நூல்களில் விரிவாக இருக்கிறது. கடலோரத்து ஷாஃபிஈ சகோதரர்களின் மத்ஹபில், அப்படிக் கடன்பட்டவர் செல்வந்தராக இருந்தாலும் அவருக்கு அந்தப் பங்கிலிருந்து கொடுக்கலாம். நாட்டுக்குள்ளே பெருவாரியாக உள்ள ஹனஃபீ சகோதரர்களின் மத்ஹபில், கடன் போக நிஸாப் அளவு அவரிடம் மிஞ்சாமல் இருக்க வேண்டும். இந்தக் கருத்து வேற்றுமையைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். செல்வந்தருக்கும் கொடுக்கலாம் என்றவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள்? அந்தப் பணம் அவருடைய வறுமைக்கான தர்மமல்ல; ஊருக்காக அவர் செய்த காரியத்தின் செலவு. ஊர்ச் செலவை ஒருவர் வீட்டிலிருந்து கட்டச் சொன்னால், அடுத்த முறை சமாதானத்துக்கு எவரும் முன்வர மாட்டார்.

இன்னொரு சம்பவம் இதனினும் தெளிவானது. கைபரில் அப்துல்லாஹ் பின் ஸஹ்ல் (ரலி) என்ற தோழர் கொலையுண்டு கிடந்தார். கொன்றவர் யார் என்று நிரூபிக்க ஆளில்லை. உறவினர்கள் சத்தியம் செய்யக் கேட்கப்பட்டபோது, கண்ணால் காணாததற்கு எப்படிச் சத்தியம் செய்வோம் என்றார்கள். எதிர்த்தரப்பின் சத்தியத்தையும் ஏற்க அவர்கள் தயாராக இல்லை. இரத்தம் வீணாகப் போய்விடக் கூடாது. பகையும் மூளக் கூடாது. நாயகம் (ஸல்) அவர்கள் ஸதகா ஒட்டகங்களிலிருந்து 100 ஒட்டகங்களை ஈடாகக் கொடுத்து அனுப்பினார்கள். குற்றவாளி கிடைக்காதபோதும் சமாதானத்தின் விலையைப் பொது நிதி செலுத்தியது. இதை அறிவிக்கும் ஸஹ்ல் பின் அபீ ஹஸ்மா (ரலி) அவர்கள், அந்த ஒட்டகங்களில் சிவப்பு நிற ஒட்டகை ஒன்று தம்மை உதைத்ததையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். நடந்தது நடந்தபடி நினைவில் நின்றிருக்கிறது.

ஆக, நண்பரின் முதல் கேள்விக்கு நமக்கு விடை கிடைத்துவிட்டது. அமெரிக்க அரசாங்கம் ஜகாத் வசூலிக்கவில்லை என்பது நமக்கும் தெரியும். ஆனால் அடிப்படை ஒன்றே. இரத்தம் சிந்தாமல் தடுப்பது தனி மனிதரின் தயாளத்துக்கு விட்டுவிடும் விஷயமல்ல. கூட்டாக வாழ்வோரின் கூட்டுச் செலவு அது. ஒரு கொலை நடந்த பின் அந்த அரசாங்கம் காவலருக்கும், மருத்துவமனைக்கும், நீதிமன்றத்துக்கும், பல பத்தாண்டுச் சிறைக்கும் கணக்கில்லாமல் கொடுக்கத்தான் போகிறது. நண்பரின் மகனுடைய வரி அப்போதும் போகும். ஜனாஸாவுக்குப் பின் கொடுப்பது செலவு, ஜனாஸாவுக்கு முன் கொடுப்பது மட்டும் ஊதாரித்தனமா?

இரண்டாவது கேள்வி கடினமானது. நண்பர் சொன்ன ஆயிரம் டாலர் சங்கதி, கலிஃபோர்னியா மாநிலத்தில் ரிச்மண்ட் என்ற ஊரைச் சேர்ந்தது. சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் அந்தச் சிறு நகரில் 2007-இல் 47 கொலைகள் நடந்தன. நகராட்சி அவ்வாண்டு ஒரு தனி அலுவலகம் அமைத்தது. டெவோன் போகன் என்பவர் அதன் தலைவரானார். 2010 முதல், சுடக்கூடியவர்கள் அல்லது சுடப்படக்கூடியவர்கள் என்று கருதப்பட்ட வாலிபர்களையே அவர்கள் தேடிப் போனார்கள். பதினெட்டு மாதப் பயிற்சி, தினமும் ஆள் வந்து பார்ப்பது, வாழ்க்கைக்கு ஒரு திட்டம் எழுதச் செய்வது. முதல் ஆறு மாதம் ஒழுங்காக இருந்தால் அதன் பின் சில மாதங்களுக்கு ஆயிரம் டாலர் வரை உதவித்தொகை. நண்பர் ஒன்றைத் தவறாகக் கேள்விப்பட்டிருந்தார்: பணியாளர் சம்பளம் நகராட்சிப் பணம், அந்த உதவித்தொகையோ தனியார் நன்கொடை. அதை வரிப் பணத்திலிருந்து கொடுக்க அவர்களுக்கும் துணிவு வரவில்லை போலும்! 2014-இல் அவ்வூரில் கொலைகள் 11.

என்றாலும் மனம் கேட்கிறது. அதே தெருவில், அதே வறுமையில், துப்பாக்கியைத் தொடாமல் அதிகாலையில் எழுந்து வேலைக்குப் போகிற பையன் ஒருவன் இருப்பானே, அவனுக்கு யார் ஆயிரம் டாலர் கொடுத்தார்கள்? சுடாதவன் ஏமாளியா?

இதே வேதனை ஒருமுறை மதீனத்து அன்ஸாரிகளின் நெஞ்சிலும் எழுந்தது. ஹிஜ்ரி 8-இல் ஹுனைன் போர் முடிந்து கனீமத்துப் பொருள்கள் பங்கிடப்பட்டபோது, நேற்று வரை எதிரிகளாக இருந்த குறைஷித் தலைவர்களுக்கு நூறு நூறு ஒட்டகங்கள் கிடைத்தன. உயிரைக் கொடுத்த அன்ஸாரிகளுக்கு அவ்வாறு கிடைக்கவில்லை. அவர்களில் சிலர் மனம் நொந்து பேசினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கேட்டுக் கோபிக்கவில்லை, அலட்சியமும் செய்யவில்லை. அவர்களைத் தனியே கூட்டி, மற்றவர்கள் ஆடு ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு போகும்போது நீங்கள் அல்லாஹ்வின் தூதரையே உங்கள் ஊருக்கு அழைத்துச் செல்கிறீர்களல்லவா என்று கேட்டார்கள். தாடி நனைய அழுதார்கள் அன்ஸாரிகள்.

நபிகளாரின் செயலையும் ஒரு நகராட்சியின் திட்டத்தையும் நாம் ஒரே தட்டில் வைக்கவில்லை, அல்லாஹ் காப்பானாக. இதில் நமக்குள்ள படிப்பினை வேறு. உள்ளத்தை இணக்கக் கொடுப்பது நன்னடத்தைக்கான பரிசு அல்ல. பரிசு என்றால் அன்ஸாரிகளுக்கன்றோ முதலில் போயிருக்கும்! அது ஒரு பகையைத் தணிக்கக் கொடுப்பது. ஆதலின் 'இவன் தகுதியுள்ளவனா' என்ற கேள்வியே அங்கே பொருந்தாது. 'இதனால் பகை தணியுமா' என்பதே கேள்வி. இன்னொன்றும் உண்டு. கிடைக்காதவர்களின் மனக்குறையைக் கேட்டு ஆறுதல் சொல்வதும் கொடுப்பவரின் கடமை. ரிச்மண்டின் நல்ல பையனை எந்த அரசாங்கம் கூட்டி உட்கார வைத்துப் பேசியது? இந்த இடத்தில் நண்பரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றே நாம் எண்ணுகிறோம்.

உள்ளம் இணக்கப்படுவோருக்கான பங்கு நிரந்தரமா என்பதிலும் நம் முன்னோர் யோசித்திருக்கிறார்கள். அபூபக்ர் (ரலி) அவர்களின் ஆட்சியில், முன்பு பெற்று வந்த சிலர் மீண்டும் வந்து கேட்டபோது, இனி அதற்குத் தேவையில்லை என்று உமர் (ரலி) அவர்கள் தடுத்துவிட்டார்கள். பகை இருக்கும் வரை கொடுக்கலாம். அதுவே ஒரு தொழிலாகிவிடக் கூடாது. அப்படித் தொழிலாக்கிக்கொண்டவன் கதை சிகாகோவிலேயே உண்டு.

1967-இல் அமெரிக்க மத்திய அரசு, வறுமை ஒழிப்புத் திட்டத்தில், சிகாகோவின் உட்லான் பேட்டைச் சங்கம் ஒன்றுக்கு 9 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. அங்கிருந்த இரு பெரும் கூட்டத்து வாலிபர்களுக்குத் தொழிற்பயிற்சி தர வேண்டும். கூட்டத் தலைவர்களையே பயிற்சியாளர்களாக வைத்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. அடுத்த ஆண்டே செனட் சபையில் விசாரணை. அக்கூட்டங்களில் ஒன்றின் தலைவனான ஜெஃப் ஃபோர்ட், அரசுப் பணத்தை மோசடி செய்ததாக 1972-இல் தண்டிக்கப்பட்டான். சிறையிலிருந்து வந்தவன் தன் கூட்டத்துக்கு 'எல் ருக்ன்' என்று அரபிப் பெயர் சூட்டி, மார்க்கத்தின் போர்வையையும் போர்த்தினான். 1987-இல் லிபியாவின் பணத்துக்காக அமெரிக்காவில் நாசவேலை செய்யச் சதி செய்தான் என்று மீண்டும் தண்டிக்கப்பட்டான். அமானிதத்தை உண்டவன் நம் மார்க்கத்தின் சொல்லை எடுத்துத் தன் பெயர்ப் பலகையில் மாட்டிக்கொண்டான் என்பதைப் படிக்கும்போது நமக்கு ஏற்படும் வேதனை கொஞ்சமல்ல.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2011-இல் வெளிவந்த 'தி இன்டரப்டர்ஸ்' என்ற ஆவணப் படத்தில், தலையில் முக்காடிட்ட ஒரு முஸ்லிம் பெண்மணி, கொலையுண்ட பையனின் இறுதிச் சடங்கில் அவன் கூட்டாளிகளின் முன் நின்று, இனி ஒரு பிணம் விழக் கூடாது என்று வாதாடுகிறார். அவர் பெயர் அமீனா மேத்யூஸ். சீஸ்ஃபயரில் சம்பளத்துக்குச் சண்டை விலக்கியவர். இளமையில் தாமும் அந்தக் கூட்டங்களோடு திரிந்ததை மறைக்காதவர். அவர் அந்த ஜெஃப் ஃபோர்ட்டின் மகள்! தகப்பன் கையில் பொதுப் பணம் போன வழி ஒன்று, மகள் கையில் போன வழி வேறு. அந்தப் பேட்டைகளில் அவருடைய சொல் செல்லுபடியானதற்கு அவர் இன்னாரின் மகள் என்பதும் ஒரு காரணம். அல்லாஹ் எதை எதிலிருந்து வெளியாக்குகிறான் பாருங்கள்.

அந்நகரின் தென்மேற்குப் பகுதியில் நம் சகோதரர்கள் 1997 முதல் நடத்தும் ஓர் அமைப்பும் உண்டு. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஈமான்' என்று வரும். மருத்துவ நிலையம் வைத்திருக்கிறார்கள். சிறையிலிருந்து திரும்பியவர்களுக்குத் தச்சும் மின்வேலையும் கற்றுக்கொடுத்து, பாழடைந்து கிடக்கும் வீடுகளை அவர்கள் கையாலேயே புதுப்பிக்கச் செய்கிறார்கள். முன்பு கண்டால் சுட்டுக்கொள்ளும் இரு தெருக்காரர்கள் ஒரே சுவருக்குச் சேர்ந்து பூசுகிறார்கள். 1966-இல் மார்ட்டின் லூதர் கிங் ஊர்வலம் போனபோது அவர் தலையில் கல் விழுந்த அதே மார்க்கெட் பார்க் பகுதி அது.

இனி, பலன் உண்டா? உண்டு என்று ஒரே வார்த்தையில் சொல்வது நேர்மையாகாது. 2008-இல் வெளியான ஓர் ஆய்வு சிகாகோவின் 7 பகுதிகளைப் பார்த்து, அவற்றில் 4-இல் சுடப்பட்டோர் எண்ணிக்கை இத்திட்டத்தால் 16 முதல் 28 சதவீதம் வரை குறைந்தது என்றது. பிட்ஸ்பர்க் நகரில் இதைப் போன்ற திட்டம் ஒன்றில் கொலைகள் குறையவில்லை, தாக்குதல்கள் கூடியதாகவே கணக்கு வந்தது. ரிச்மண்ட் பற்றிய 2019-ஆம் ஆண்டு ஆய்வில், துப்பாக்கியால் ஏற்பட்ட மரணங்களும் காயங்களும் 55 சதவீதம் குறைந்ததாகவும், ஆனால் துப்பாக்கியல்லாத வன்முறை சற்று ஏறியதாகவும் சொல்லப்பட்டது. சரியான ஆட்கள், சரியான மேற்பார்வை இருந்த இடத்தில் பலன். இல்லாத இடத்தில் பண விரயம் என்றே நமக்குத் தோன்றுகிறது. கணக்குக் கேட்பது கட்டாயம்.

கணக்குக் கேட்பதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பணம் கொடுக்கும் அரசாங்கத்தின் மற்றொரு கை காவல்துறை. "யார் யாரோடு பேசினீர்கள், பெயர் கொடுங்கள்" என்று அது கேட்கும். பெயர் கொடுத்த அன்றே அந்த ஆளின் வேலை முடிந்தது. அடுத்த நாள் எந்தக் கதவும் திறக்காது. இரு தரப்பையும் சமாதானப்படுத்துபவர் நல்லதைச் சொல்லி அல்லாததை விழுங்கிக்கொண்டால் அவர் பொய்யராக மாட்டார் என்று நம் மார்க்கம் அவருக்கு ஒரு தனிச் சலுகையே தந்திருக்கிறது. அதே மார்க்கம் சாட்சியத்தை மறைக்காதே என்றும் கட்டளையிடுகிறது. கேட்ட இரகசியத்தைச் சுமப்பது வேறு. நாளை ஒருவன் கொல்லப்படுவான் என்று தெரிந்தும் தடுக்காமல் இருப்பது வேறு. இவற்றுக்கிடையே கோடு எங்கே என்பதை அவரவர் நாட்டுச் சட்டமும், அந்த மனிதரின் இறையச்சமும் சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும். ஆலிம்கள் இதைப் பற்றி எழுதினால் இவ்விதழில் மகிழ்ந்து வெளியிடுவோம்.

நம்மை அதிகம் உறுத்துவது வேறொன்று. பணம் கொடுப்பது சரியா என்று வாதாடுகிறோம். கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு நிறுத்துவதைப் பற்றி ஏன் யாரும் வாதாடுவதில்லை? சிகாகோ திட்டத்துக்கு மாநில அரசின் பணம் 2007-இல் நின்றது. பிறகு வந்தது. 2015-இல் மாநிலத்தின் வரவு செலவுத் தகராறில் மீண்டும் நின்றது. பெரும்பாலான பகுதிகளில் வேலை ஓய்ந்தது. 2015-இல் ஐந்நூறுக்குக் கீழே இருந்த அந்நகரின் கொலைகள் 2016-இல் 750-ஐத் தாண்டின. காவல்துறைக்கும் மக்களுக்கும் இடையே அப்போது ஏற்பட்ட பெரும் கசப்பு உட்பட அதற்கு வேறு காரணங்களும் உண்டு. முழுப் பழியையும் இதன்மேல் போட மாட்டோம். 2022 ஜூனில் மத்திய அரசு ஒரு சட்டம் இயற்றி, ஐந்தாண்டுகளுக்கு 25 கோடி டாலர் என்று இந்தப் பணிக்கென்றே ஒதுக்கியது. அதை நம்பிப் பல ஊர்களில் ஆட்களை அமர்த்தினார்கள். 2025 ஏப்ரலில் நீதித் துறை 80 கோடி டாலருக்கும் மேற்பட்ட மானியங்களை நடுவிலேயே நிறுத்தியபோது, இப்பணிக்குரிய பலவும் அதில் போயின. துறையின் முன்னுரிமைகளுக்கு அவை பொருந்தவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம்.

சாலை போடும் பணம் நின்றால் சாலை பாதியில் நிற்கும். பிறகு வந்து தொடரலாம். இங்கே நிற்பது ஒரு பையனுக்குக் கொடுத்த வாக்கு. "நீ துப்பாக்கியைக் கீழே வை, நான் தினமும் வருவேன்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அவன் வைத்துவிட்டான். எதிரிக் கூட்டத்தின் கண்ணில் அவன் இப்போது நிராயுதபாணி. அந்த நிலையில் வந்துகொண்டிருந்தவர் வருவதை நிறுத்துகிறார், சம்பளம் இல்லாததால். அடுத்த முறை வேறொருவர் போய் அதே வார்த்தையைச் சொன்னால் அவன் நம்புவானா? கபீஸா (ரலி) அவர்களைத் தங்கியிருக்கச் சொன்னவர் வாக்குத் தவறாதவர். அவர் தங்கியது அதை நம்பித்தான்.

சென்ற வாரம் அதே திண்ணையில் நண்பரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கொடுக்கட்டும் காக்கா. ஆனால் அந்த நல்ல பையனுக்கு என்ன பதில் என்று நீங்களும் சொல்லவில்லை" என்றார்.

சொல்லவில்லைதான் என்று ஒப்புக்கொண்டோம்.

சற்று நேரம் கழித்து, "அந்தச் சிவப்பு ஒட்டகை உதைத்தது யாரை என்றீர்கள்?" என்று கேட்டார். பெயரைச் சொல்லத் தொடங்குவதற்குள் இகாமத் கேட்டது. எழுந்து ஸஃப்பில் நின்றோம்.